ஆல் பாஸ் தேசத்தில் ஒரு நிரந்தர ஃபெயில்

வேளச்சேரிப் பக்கம் ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு குடும்பத்துக்குக் கனடா விசா வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சூட்கேஸ் வாங்குவதற்கு முன்பே, ஆவக்காய் ஊறுகாயை எத்தனை கவர் போட்டுச் சுற்றுவது என்று மாமியார் யோசிப்பதற்கும் முன்பே, அந்த வீட்டு ஹாலில் ஒரு கவலை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். "பாப்பா இங்க நாலாவது முடிக்கப் போறா. அங்க எந்த கிரேடுல போடுவாங்க? ஒரு வருஷம் வீணாப் போயிடுமே!"

அப்பா அன்றிரவே ஆராய்ச்சியில் இறங்குவார். ஒன்டாரியோவில் பிறந்த ஆண்டுதான் கணக்கு. ஜனவரியில் பிறந்ததும் டிசம்பர் 31 அன்று பிறந்ததும் ஒரே வகுப்பு. இங்கிலாந்தில் ஆகஸ்ட் 31தான் கோடு; செப்டம்பர் 1 அன்று பிறந்த பிள்ளை அடுத்த செட்டில்தான். ஆஸ்திரேலியாவில் ஜனவரி கடைசியில் பள்ளி திறக்கும். இத்தனையும் விடிவதற்குள் அவருக்கு மனப்பாடம். டொரன்டோவில் இருக்கும் மச்சான், "கவலைப்படாதீங்க, நம்ம சிலபஸ் அட்வான்ஸ்டு" என்று தைரியம் சொல்வார். ஆனாலும் மனசு ஆறாது. ஒரு வருஷம்! அது போனால் பாப்பா எப்போது டிகிரி வாங்கி, எப்போது வேலைக்குப் போய், எப்போது வீடு வாங்குவது?

பிள்ளையின் ஒரு வருஷம் பெரிய விஷயம்தான், சந்தேகமே இல்லை. எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். இந்த ஒரு வருஷ அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டு, மூர் மார்க்கெட்டில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ஏறி, கடைசி ஸ்டேஷனில் இறங்கி ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை.

கும்மிடிப்பூண்டி என்றால் நமக்கு சிப்காட். உருக்காலை, புகை, கொல்கத்தா நெடுஞ்சாலையில் வரிசைகட்டும் டிரெய்லர் லாரி, காயப்போட்ட வெள்ளைத் துணியில் மாலைக்குள் படியும் கரும்பொடி. அந்த ஊரில்தான் தமிழ்நாட்டின் பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களில் ஒன்று இருக்கிறது. சென்னைப் பக்கமாக வந்தால் புழல் காவாங்கரையில் இன்னொன்று. முன்னதற்கு இரும்பாலை அண்டைவீடு. பின்னதற்குச் சற்றுத் தள்ளி மத்தியச் சிறை. இடம் பார்த்துக் கொடுத்த அதிகாரிக்கு ரசனை இருந்திருக்கிறது.

இந்த முகாம்களுக்கு ஆளை அனுப்பிய இரண்டாம் ஈழப்போர் மூண்டது 1990 ஜூன் 11. நம் பள்ளிக்கூடங்கள் திறக்கிற மாதம். அதற்கு முந்தைய பெருங்கூட்டம் வந்தது 1983 ஜூலைக் கலவரத்தில். சிங்கள அரசியல்வாதிகளும் சரி, ஆயுதம் ஏந்தியவர்களும் சரி, நம் கல்வித்துறையின் நாட்காட்டியை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டுத்தான் காரியத்தில் இறங்கினார்கள் போலும். இலங்கையில் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். ஆகவே அங்கே ஐந்தாம் ஆண்டில் பாதிக் கொப்பி எழுதிய பையன், மீதிக் கொப்பியைக் கடலில் விட்டுவிட்டு, மண்டபம் முகாமில் பதிந்து, லாரியில் ஏறி, இங்கே வந்து தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றான். ஆறாவதில் போட்டால் அரை வருஷம் லாபம், ஐந்தாவதில் போட்டால் அரை வருஷம் நஷ்டம்.

"அஞ்சாம் ஆண்டு படிச்சவன் சேர். கணக்கு நல்லாச் செய்வான்."

"டி.சி. இருக்காம்மா? ரெக்கார்டு ஷீட்டு?"

"வெளிக்கிடேக்க ஒண்டும் எடுக்கேல்லை சேர். உடுத்த உடுப்போட வந்தனாங்கள்."

தலைமையாசிரியர் மேசையில் கிடந்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்து நீட்டுவார், "இதைப் படிடா கண்ணு." பையன் மூச்சுவிடாமல் படிப்பான். நம்ம வாத்தியாரின் சொந்தப் பிள்ளையைவிட நல்ல தமிழில் படிப்பான். தங்கச்சிக்காரிக்கு வேறு பரீட்சை. வலது கையைத் தலைக்குமேல் வளைத்து இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டினால் ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதி தெரியவில்லையா, ஜூன் மாதத்தில் ஒரு நாளை அவரே எழுதிவிடுவார். தமிழ்நாட்டு முதியவர்களில் ஏகப்பட்ட பேர் மே, ஜூனில் பிறந்திருக்கும் அதிசயத்துக்கு இதுதான் காரணம். பத்து நிமிடத்தில் அட்மிஷன் முடிந்தது. பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று.

அந்தத் தலைமையாசிரியர் செய்ததை நாடாளுமன்றம் 2009இல்தான் சட்டமாக்கியது. கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது: வயதுக்கேற்ற வகுப்பில் சேர், விட்டுப்போனதைத் தனிப் பயிற்சியில் நிரப்பு, டி.சி. வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பாதே. "இந்தியக் குழந்தை" என்றுகூடச் சொல்லவில்லை. குழந்தை என்றால் ஆறு முதல் பதினான்கு வயது, அவ்வளவுதான். எட்டாவது வரை ஃபெயில் போடவும் கூடாது. டெல்லி தன் பள்ளிகளில் அந்த விதியை 2024இல் மாற்றிக்கொண்டது. தமிழ்நாடு விடமாட்டேன் என்று நிற்கிறது. நல்ல காரியம்.

இப்படிப்பட்ட ஆல் பாஸ் தேசத்தில், ஒரே ஒரு வகுப்பில் மட்டும் 1983 முதல் ஒருவரும் பாஸாகவில்லை.

அந்த வகுப்பின் பெயர் "சட்டவிரோதக் குடியேறி". செல்லுபடியாகும் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டுக்குள் வந்தவர் யாராயிருந்தாலும் அந்தப் பெஞ்ச். பதிந்தோ இயல்புரிமையாலோ குடிமகனாகும் வழி அவருக்கு அடைப்பு என்று குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் திருத்தம் செய்து ஆணி அடித்தார்கள். குண்டு விழுகிற ராத்திரியில், பேசாலைக் கரையில் நின்ற பெண், படகில் கால் வைக்குமுன் கொழும்புக்குப் போய் பாஸ்போர்ட் ஆபீஸில் டோக்கன் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அதனால் அவளும் ஃபெயில், இங்கே அவளுக்குப் பிறந்த மகளும் ஃபெயில், அந்த மகள் பெற்றிருக்கிற பேத்தி இப்போது எல்.கே.ஜி. படிக்கிறாள், அவளும் ஃபெயில்.

வேளச்சேரி அப்பாவின் தேதிப் பைத்தியம் டெல்லிக்கும் உண்டு. 1987 ஜூன் 30 இரவு பதினொன்றே முக்காலுக்கு மண்டபம் முகாமில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் அது பிறப்பால் இந்தியக் குடிமகன். அதனுடன் பிறந்த இரட்டை, நள்ளிரவு தாண்டி அரைமணி கழித்துத் தலை நீட்டியிருந்தால் அந்நியன். ஜூலை 1 முதல் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2004 டிசம்பர் 3 முதல் அதுவும் போதாது. ஒருவர் இந்தியராக இருந்தாலும் மற்றவர் அந்தச் சட்டவிரோதப் பெஞ்ச்காரராக இருக்கக் கூடாது. முகாம் பையன் உள்ளூர்ப் பெண்ணைக் காதலித்துக் கட்டினால், பிள்ளைக்கு அம்மாவின் நாடும் இல்லை.

சரி, தேதிக் கணக்கில் தப்பித்துப் பாஸானவர்களாவது? 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், சட்டப்படி பிறந்த வினாடியே இந்தியர். பாஸ்போர்ட் கேட்டதற்கு, இல்லை என்றார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகே கிடைத்தது. 2024 மக்களவைத் தேர்தலில் முதல் ஓட்டுப் போட்டார். பிறந்தபோதே எழுதி முடித்த பரீட்சைக்கு ரிசல்ட் வர முப்பத்தாறு வருஷம். "ஒரு வருஷம் வீணாப் போயிடுமே" என்ற அந்த ஹாலில் இதைச் சொல்லிப் பாருங்கள், டி.வி. சத்தத்தைக் கூட்டுவார்கள்.

2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தது. அண்டை நாடுகளில் துன்பப்பட்டு 2014 டிசம்பர் 31க்குள் வந்தவர்களுக்குக் கருணை காட்டப்போகிறோம் என்றார்கள். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான், ஆறு மதம். இந்து என்றால் பாஸ், கிறிஸ்தவர் என்றால் பாஸ். முகாமில் பிள்ளையாரும் இருக்கிறார், மாதாவும் இருக்கிறார். ஆனால் இலங்கை சிலபஸில் இல்லையாம். இராமேஸ்வரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற நாடு டெல்லி வரைபடத்தில் அண்டை நாடாகத் தெரியவில்லை. மாநிலங்களவையில் அந்தச் சட்டத்துக்கு ஆதரவாகக் கைதூக்கியது அண்ணாவின் பெயரைக் கட்சிப் பெயரிலேயே வைத்திருக்கிற அ.தி.மு.க. டெல்லி அமைச்சரவையில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்திருந்த தி.மு.க.வுக்கு அந்தக் காலத்தில் இந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்க நேரம் கிடைக்கவில்லை. மேடையில் மட்டும் கணியன் பூங்குன்றனாருக்கு ஓய்வே கிடையாது. அவருடைய 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' வரியை ஐ.நா. வரை கொண்டுபோய்ச் சேர்த்தோம்; கும்மிடிப்பூண்டி வரை கொண்டுவர லோக்கல் டிக்கெட் எடுக்கவில்லை.

2025 செப்டம்பரில் ஒரு சலுகை வந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிந்திருக்கும் இலங்கைத் தமிழர்கள்மேல் கடவுச்சீட்டு இல்லாத குற்றத்துக்குத் தண்டனை நடவடிக்கை இல்லை. குடியுரிமை? அது வேறு சப்ஜெக்ட். ஃபெயில்தான், ஆனால் இனிமேல் பிரம்படி கிடையாது என்று அர்த்தம். இலங்கையில் அரிசிக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்று மாளாமல் 2022 மார்ச்சில் அரிச்சல்முனை மணலில் பிள்ளைகளோடு வந்து இறங்கிய குடும்பங்களுக்கு அந்தப் பிரம்பும் அப்படியே இருக்கிறது. பசிக்கிற தேதியைக்கூட அரசிதழ் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும்.

இதைவிடக் கேவலமான கதை இலங்கை மலையகத்தாருடையது. பாட்டனை வெள்ளைக்காரன் தஞ்சாவூர், திருச்சி, இராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்து தேயிலைக்கு ஓட்டிக்கொண்டு போனான். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உட்கார்ந்து, ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று ஆளைப் பங்கு போட்டுக் கையெழுத்திட்டார்கள். அந்த ஆட்களில் ஒருவரையும் கேட்கவில்லை, அது கிடக்கட்டும். அந்த வம்சத்தில் பலர் 1983க்குப் பின் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகில் வந்தபோது, கப்பலில் முறையாக வராமல் படகில் ஏன் வந்தாய் என்று அதே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். 2019 ஜூனில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இப்படிப்பட்ட 65 பேரின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. சொந்த ஊருக்குத் திரும்பி வந்தவனை ஊடுருவியவன் என்று எழுத எவ்வளவு மை இருந்தால் போதும் என்று தெரியவில்லை. அந்த மை மட்டும் டெல்லியில் தீருவதேயில்லை.

பள்ளிக்கூடத்துக்கே வருவோம். முகாம் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள். பத்து அடி அறையில், நடுவே சேலை கட்டித் தடுத்த பக்கத்தில் உட்கார்ந்து படிப்பார்கள். "சிலோன் பசங்க நல்லா எழுதுவாங்க சார்" என்று ஆசிரியர்களே சொல்வார்கள். எழுதி என்ன? 1984இல் எம்.ஜி.ஆர். அரசு தொழிற்கல்வியில் அவர்களுக்கென்று இடங்கள் ஒதுக்கியது. 1991இல் திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற குண்டு வெடித்தது. கொலை செய்தவர்கள் யார் என்று புலனாய்வு விசாரித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே, தண்டனையைப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்து முடித்தார்கள். ஒதுக்கீடு போயிற்று. முகாமுக்குள் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த தொண்டு அமைப்புகளுக்கும் வாசல் அடைத்தது. பிறகு வந்த ஆட்சிகளில் கொஞ்சம் திறந்தது, கொஞ்சம் மூடியது. இன்றைக்கு மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளை நீட் விண்ணப்பத்தில் "இந்தியர்" என்று போட முடியாது. "வெளிநாட்டவர்" என்று போட்டால் கையில் கடவுச்சீட்டு வேண்டும், வெளிநாட்டவருக்கான கட்டணம் வேண்டும். அப்பாவுக்குப் பெயிண்டிங் கூலி.

பொறியியல் முடித்த மகனுக்கும் சில வீடுகளில் அதே பெயிண்டிங் கூலிதான். கல்லூரியில் இடம் கொடுத்த நாடு, வேலையில் பாஸ்போர்ட்டைக் கேட்கிறது. சுற்றிலும் இத்தனை ஆலை. வாசலில் வேலைக்கு ஆள் தேவை என்று பலகை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. வரட்டும், பாவம், அவர்கள் பிள்ளைகளின் படிப்பும் எந்த வகுப்பிலும் ஒட்டாமல்தான் அலைகிறது. அதற்குத் தனியாக ஒரு வசை பாக்கி இருக்கிறது. ஆனால் ஆலைச் சங்கு கேட்கும் தூரத்திலேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பட்டம் வாங்கிய பிள்ளை கான்ட்ராக்டரின் கணக்கு நோட்டில் மட்டும்தான் ஆள்.

2021 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார். 7,469 வீடுகள், கூட்டிய பணக்கொடை, படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகும். ஒழுகாத கூரையின் அருமை ஒழுகும் கூரைக்கடியில் படித்தவனுக்குத்தான் தெரியும். கூடவே அகதிகள் முகாம் இனி மறுவாழ்வு முகாம் என்று அழைக்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. பெயிண்டர்கள் முகாமுக்குள்ளேயே இருந்ததால் பலகை மாற்ற வெளியாள் தேடும் செலவு மிச்சம்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு? போர் முடிஞ்சு 2009லேயே அமைதி ஆயிடுச்சே, திரும்பிப் போக வேண்டியதுதானே?" என்று கேட்கும் அறிவாளிகள் உண்டு. பிளைட் டிக்கெட்டை ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்து, சில ஆயிரம் பேர் போயும் இருக்கிறார்கள். போகும் பிள்ளையை அங்கே எந்த வகுப்பில் போடுவார்கள் என்று அந்த அறிவாளியைக் கேளுங்கள். முதலில் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து, குடியுரிமையைப் பதிந்து, அந்தத் தாளை வாங்க நடையாய் நடக்க வேண்டும். இங்கே ஜூன் மாதத்தில் தலைமையாசிரியர் அன்பாகப் போட்ட பிறந்த தேதி, அங்கே பதிவேட்டில் உள்ள தேதியோடு ஒத்துப்போகாது. ஒரு காலத்தில் கதவைத் திறந்த அதே தேதி இப்போது கதவில் மாட்டிக்கொள்ளும். இங்கே பத்தாவது பொதுத் தேர்வு எழுதிச் சான்றிதழோடு போனால், அங்கே சாதாரண தரப் பரீட்சை பதினோராம் ஆண்டில். இங்கே ஏப்ரலில் படிப்பை முடித்துப் போனால் அங்கே வருஷம் நடுவாந்திரத்தில் நிற்கும். கொரோனாவும் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்து உலுக்கியதில் 2023இல் அவர்கள் பள்ளி ஆண்டு தொடங்கியதே மார்ச் கடைசியில். சிங்களம் ஓர் எழுத்துத் தெரியாது. இங்கே "சிலோன் பொண்ணு" என்றவளை அங்கே "இந்தியாப் பெட்டை" என்பார்கள். இரண்டு நாடும் ஒரே குழந்தையை மற்ற நாட்டின் பிள்ளை என்று கைகாட்டுவதில் மட்டும் இராஜதந்திர உறவு அவ்வளவு நெருக்கம்.

2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தண்டனை முடித்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளும்போது, உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளை ஏற்க இந்தியா ஒன்றும் தர்மசாலை இல்லை என்று கருத்துச் சொன்னது. உண்மைதான், கனம் நீதிபதி அவர்களே. தர்மசாலையில் மூன்று நாளைக்கு மேல் தங்கினால் காலி செய்யச் சொல்வார்கள், அல்லது முகம் பழகிப்போய்ச் சமையல்கட்டில் வேலையாவது போட்டுக் கொடுப்பார்கள். நாற்பது வருஷம் ஒருவனைத் திண்ணையிலேயே உட்காரவைத்து, தினம் "நீ யார்?" என்று கேட்கிற தர்மசாலை எந்த ஊரிலும் இல்லை.

மன்னாரில் ஒரே வளவுக்குள் வளர்ந்த அண்ணன் தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணனிடம் விற்று ஏஜென்டுக்குக் கொடுக்கக் காணி இருந்தது, டொரன்டோ போனான். தம்பியிடம் படகுக்காரனுக்குக் கொடுக்க மனைவியின் தோடு இருந்தது, கும்மிடிப்பூண்டி வந்தான். ஒன்டாரியோவின் கல்விச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையோ பெற்றோரோ கனடாவில் சட்டவிரோதமாக இருக்கிறார்கள் என்ற காரணத்துக்காகப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது. பள்ளி அளவில் அது நம் தலைமையாசிரியர் செய்ததுதான். வித்தியாசம், பள்ளியை விட்டு வெளியே வந்த பிறகும் அங்கே வகுப்பு ஏற்றினார்கள். 1983இல் பத்து வயதில் கனடா போய்ச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனை அவர்கள் ஏதோ ஒரு வகுப்பில் உட்காரவைத்தார்கள். அவர் பெயர் கேரி ஆனந்தசங்கரி. 2025 மே மாதம் அந்த நாட்டின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் ஆனார். நாட்டுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று எல்லையில் நின்று பார்க்கும் துறை அவருக்குக் கீழே. அகதியாய் வந்த பிள்ளைகளை நாட்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்று கேட்கும் நம் உள்துறைக்கு, இதுதான் ஆகும் என்று யாராவது சொல்லலாம்.

அண்ணன் குடும்பம் ஊர் பார்க்க வருகிறது. கனடா பாஸ்போர்ட், இந்திய விசா, தி.நகரில் பட்டு, திருப்பதியில் மொட்டை. சித்தப்பாவைப் பார்க்கக் கும்மிடிப்பூண்டி வந்தால், வெளியாள் முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். அதனால் எதிரே டீக்கடை பெஞ்ச். சட்டத்தின் பார்வையில் அங்கே உட்கார்ந்திருக்கும் அண்ணன் மகளான அக்காவும் வெளிநாட்டவர், தம்பி மகளான தங்கையும் வெளிநாட்டவர். அக்காவுக்குச் சுற்றுலாத் துறை கும்பிடு போட்டு வரவேற்பு சொல்லும். தங்கை இதே ஊரில் பிறந்தவள், அதனால் அந்தச் சலுகை கிடையாது.

டீ ஆறுவதற்குள் சித்தப்பா எழுந்துவிடுவார். இன்றைக்குச் செக்கிங். எந்த ஊரில் எந்தச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாலும் வந்து நிற்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பதிவை வெட்டிவிடுவார்கள், பணக்கொடை நிற்கும். வருவாய் ஆய்வாளர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார், ஓரமாகக் கியூ பிராஞ்ச் போலீஸ். பெயரை வாசிப்பார்கள். வரிசையில் அவருக்குப் பின்னால், அன்றைக்குப் பாதிக் கொப்பியை எழுதிவிட்டு வந்த ஐந்தாம் வகுப்புப் பையன், இப்போது நரைத்த தலை, பெயிண்ட் காய்ந்த கை, "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுத்துக் கையெழுத்துப் போடுவான். முப்பத்தைந்து வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. அட்டெண்டன்ஸ் குறைவு, அதனால்தான் ஃபெயில் போட்டோம் என்று மட்டும் எவனும் சொல்லிவிட முடியாது.